பதினொரு செடிகளும் இருபத்திரண்டு ரசிகர்களும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடிதத்திலிருந்து கிடைத்தது. 'கிடைத்தது' என்பது மரியாதைக்குச் சொல்வது, திருடினேன். மந்தைவெளியில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் வஜீஹா தாவரவியல் ஆய்வாளர். வனத்துறைக்கு எழுதிய தமிழ்க் கடிதத்தில் பிழை பார்த்துத் தரச் சொன்னாள். அழிந்துவிட்டதாகப் பட்டியலில் போட்டிருந்த ஒரு மலைப் புதரை அவள் மறுபடியும் கண்டுபிடித்திருந்தாள். மொத்தம் பதினொரு செடிகள்.

"எடத்தோட பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். பட்டியல்லயே போட மாட்டோம். தெரிஞ்சா தோண்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்?" என்றேன். எழுத்தாளனிடம் ரகசியம் சொல்பவர்கள் மீது எனக்கு இரக்கம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'மேகங்கள் தவழும் அந்த மலையுச்சியில், உலகம் மறந்துபோன ஒரு' (அடித்துவிட்டேன். நான் அங்கே போனதே இல்லை. கொடைக்கானலில் ஸ்வெட்டர் வாங்கியதோடு மலைக்கும் எனக்கும் உறவு முடிந்தது.)

இரண்டாவது: 'வஜீஹாவின் கண்களில் ஏதோ ஒரு' (இதுவும் வேண்டாம். அவள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறாள்.)

மூன்றாவதில் மலையின் பெயரையும் ஓடையின் பெயரையும் எழுதினேன். கதைக்கு உடனே உயிர் வந்துவிட்டது. மயிலாப்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் படித்தேன். இருபத்திரண்டு பேர். 'என்ன ஒரு நம்பகத்தன்மை' என்று ஒருவர் பாராட்டினார். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

3

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. தாண்டிப் போகிறவர்கள் போகலாம், எப்படியும் போவீர்கள். ஒரு செடியின் நிலையைத் தீர்மானிக்க, முளைத்து நிற்பதையெல்லாம் எண்ணுவதில்லை. பூத்து விதை தரும் பருவத்துக்கு வந்தவை மட்டும்தான் கணக்கு. பதினொன்றில் பூத்தவை இரண்டு. மற்றதெல்லாம் கன்றுகள்.)

4

சங்கரன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்ல மனிதரை யாரும் நம்ப மாட்டார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அந்தக் கூட்டத்தில் முன்வரிசை, அடையாறில் மொட்டைமாடித் தோட்டம். ஆனால் அவரை நான் உருவாக்கவில்லை. வியாழக்கிழமை அவரே போன் செய்தார்.

"ஆத்துக்கு வாங்கோ. உங்க கதைக்கு என்னாலான மரியாதை ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன்."

மாடியில் பச்சை வலைக்கு அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் காய்ந்த குச்சி.

"கார் வெச்சுண்டு நேரே போயிட்டேன். ஓடைக்கரை, மஞ்சப்பூ, எல்லாம் நீங்க எழுதியிருந்த மாதிரியே இருந்தது."

"ரெண்டு எடுத்தீங்களா?"

"ஒண்ணு பட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான். பாருங்கோ, ஒண்ணு போயிடுத்து."

"மத்த செடியெல்லாம்?"

"அதைத் தொடலை. பூக்காததை எடுத்துண்டு வந்து என்ன பண்றது? அங்கே கேப்பாரத்துக் கெடந்தது. நாம காப்பாத்திட்டோம்."

'நாம' என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபி வந்தது, குடித்தேன். நன்றாகவே இருந்தது.

5

முடிவுகள். ஒன்று: வஜீஹா தொட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறாள். (சினிமா.) இரண்டு: சங்கரன் மனம் திருந்துகிறார். (எதற்குத் திருந்த வேண்டும்? பக்கத்து ஃப்ளாட்காரருக்கு ஒரு கிளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.) மூன்றாவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியிலிருந்து அது எந்த மலை என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள்தானே நீங்கள்.

6

உண்மை இவ்வளவுதான். மிஞ்சிய செடியில் ஒரு கிளை பச்சையாக இருந்தது. உடனே வஜீஹாவிடம் சொன்னால் அதை வெட்டி ஆய்வகத்தில் வேர்விட வைக்க முயல்வாள். சொன்னால், சங்கரனுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்றும் கேட்பாள். கீழே அவள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. நடுவில் பதினெட்டுப் படிகள். வியாழன் போய் இன்று ஞாயிறு; நான் இறங்கவில்லை. அதற்குப் பதில் இதை எழுதினேன். இப்போது, நான்காம் பகுதியில் சங்கரனின் பேச்சு கொஞ்சம் நீளமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.