நோன்பு எழுதிக் கொடுத்த டாக்டர்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் ரத்ரி படிக்கும் கல்லூரியின் கிளினிக்கில் எடை மெஷின், வரிசையில் நிற்பவர்களுக்கு நேர் எதிரே இருந்தது. ஏறினாள். நர்ஸ் எடையை உரக்கப் படித்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

போன செமஸ்டரிலேயே கிளினிக் டாக்டர் ஹெர்மினிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். "ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள மனசு எங்கெங்கயோ ஓடிடுது டாக்டரம்மா. பகல்ல சாப்பிடவே மறந்துடுறேன். சாயங்காலம் ஆரம்பிச்சா நிறுத்த முடியல."

"திங்களும் வியாழனும் நோன்பு இரும்மா. உடம்பும் இளைக்கும், மனசும் அடங்கும்."

இருந்தாள். பகலெல்லாம் பட்டினி அவளுக்குப் புதிதா என்ன? மாலைத் தொழுகை அழைப்பு கேட்டதும் மற்றவர்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்த, இவள் சோறு, பொரித்த டெம்பே சோயாக்கட்டி, வேகவைக்காத நூடுல்ஸ் என்று வயிறு வலிக்கும்வரை விழுங்கினாள். நோயையே மருந்தாக எழுதிக் கொடுத்திருந்தார் அந்த அம்மாள்.

"புண்ணியவதி வந்துட்டா! நோன்பு வெச்சும் பன்னு மாதிரி உப்புறியே, எப்படிடி?" என்றாள் அறைத்தோழி விஜி. விடுதியே சிரித்தது.

இந்த முறையும் தேர்வில் தோற்றால் உதவித்தொகை போய்விடும். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். கவனம் நிற்காததற்கு மனநல மருத்துவரைப் பார்க்க டாக்டர் ஹெர்மினின் சீட்டு வேண்டும்.

இன்று வியாழன், நோன்பு நாள். உள்ளே போனதும் டாக்டர் எடைக் குறிப்பைப் பார்த்தார்.

"நோன்பு இருக்கேங்கிற, எடை ஏறியிருக்கே? யாரை ஏமாத்துற?"

"மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுங்க."

"ஏன், பைத்தியமா உனக்கு? வாயைக் கட்டத் தெரியல, அவ்வளவுதான். போய் ஒழுங்கா தொழு."

ரத்ரி பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். நோன்பு முறிந்ததும் சாப்பிட வாங்கியது. பிரித்தாள். பட்டப்பகலில், டாக்டரின் மேசையிலேயே, நிதானமாக மென்று சாப்பிட்டாள்.

"என்ன பண்ற நீ?"

"மதியச் சாப்பாடு. நீங்க சொல்லியிருக்க வேண்டிய வைத்தியம் இதுதான். எழுதித் தர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் கூப்பிட, நர்ஸ் கதவைத் திறந்தாள். வரிசை முழுக்க உள்ளே எட்டிப் பார்த்தது.

"என் எடையைச் சத்தமா படிச்சீங்கல்ல, அக்கா? இதையும் சத்தமா சொல்லுங்க. கவனம் நிக்கலைன்னு ஒருத்தி வந்தா, இந்த டாக்டர் பட்டினி போட்டு அனுப்பினாங்கன்னு!"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஹெர்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாவைத் தேடினார்.

சீட்டோடு வெளியே வந்தபோது, ஒரு பருத்த பெண் மெஷின் அருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரத்ரி மெஷினைக் காலால் தள்ளி, எண் தெரியும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுப் போனாள்.