கலகத் தலையின் பின்பக்கம்

ஊரில் எல்லோரும் காலையில் தலைக்குச் சிக்கு எடுப்பார்கள். அந்த வீட்டுக் குளியலறையில் மட்டும் சிக்கு போட்டார்கள்.

அக்கா கண்ணாடியைப் பார்த்து பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். தங்கை பின்னால் நிற்பாள். முடியில் ஒரு கொத்தைப் பிரித்து, செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, சீப்பை வேரை நோக்கித் தள்ளுவாள். வேருக்குப் பக்கத்தில் மட்டும், சின்னச் சின்னத் தள்ளல். முழு நீளத்துக்கும் தள்ளினால் தலை துடைப்பமாகிவிடும். கொத்து தானாக நிற்கத் தொடங்கியதும் ஸ்ப்ரே அடித்துவிட்டு அடுத்த கொத்து. கடைசியில் மேல் அடுக்கை மட்டும் மெல்லச் சீவி, உள்ளே இருக்கும் சிக்கின்மேல் போர்வை மாதிரிப் போர்த்த வேண்டும். வெளியே கறுப்புப் புயல் ஒன்று இடது காதைத் தாண்டி எழும்பி நிற்பதுபோல் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்னால் நிற்பவளுக்குத்தான் தெரியும்.

வீடு முழுக்க நண்டும் சிண்டுமாக ஓடுகிறது என்று லாரி ஓட்டும் அப்பா சொல்லிச் சொல்லி, மூத்தவள் சிண்டு ஆகிவிட்டாள், இளையவள் நண்டு. இருவரும் ஓடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆன பிறகும் பெயர்கள் நிற்கவில்லை. "என் தலை இப்படி நிக்கும்னு தெரிஞ்சுதான் எங்கப்பா எனக்குச் சிண்டுன்னு பேர் வச்சாரு" என்று சிண்டு தன் வீடியோக்களில் சொல்வாள். அந்த வீடியோ வரிசைக்குக் 'கலகத் தலை' என்று பெயர். பார்லர் பக்கமே போகாமல், வீட்டில் கிடப்பதை வைத்து, யாரும் வைத்துக்கொள்ளாத மாதிரித் தலையை வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தருவாள். பழைய ஷூ லேஸைப் பின்னலோடு சேர்த்துப் பின்னுவது. தரையில் வரையும் சாக்பீஸை ஈர நுனியில் தேய்த்து நீலமாக்குவது. சர்க்கரைத் தண்ணீர் தடவி முடியை முள்ளாக நிறுத்துவது.

"எறும்பு வரிசையா குளியலறைக்குப் போகுது" என்றாள் அம்மா. "நானும் யாருக்குப் பிறந்தநாள்னு பாத்தேன்."

அம்மாவுக்கு ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். "ஊருக்கெல்லாம் சுருக்கம் எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா, பெத்த பொண்ணு தலைவிரிகோலமா நிக்கிறா. ஏண்டி, எழவு வீட்டுக்காடி போற?"

"இது கலைஞ்ச தலை இல்லம்மா. கலகத் தலை."

"கலகம் பண்றதுக்கு நாட்டுல வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

பேச்சு இப்படித்தான் போகும். சிண்டு சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள். நண்டு சீப்பில் சிக்கிய முடியை உருட்டி, யாருக்கும் தெரியாமல் குப்பைக் கூடையின் அடியில் அமுக்குவாள்.

இதெல்லாம் கலகத்துக்காக ஆரம்பிக்கவில்லை. ஒருநாள் அக்காவுக்குப் பின்னல் போட்டுவிடும்போது, இடது காதுக்குப் பின்னால் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு முடியே இல்லாததை நண்டு பார்த்தாள். தோல் வழவழவென்று குழந்தையின் கன்னம்போல் இருந்தது. போனில் தேடினாள். புழுவெட்டு என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு புழு அக்காவின் தலையில் உட்கார்ந்து நிதானமாக மேய்வதுபோல் அவளுக்குத் தோன்றியது. "சின்னதா ஒரு சொட்டை" என்று மட்டும் சொன்னாள்.

சிண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். "அப்பா தலை மாதிரின்னு ஊரைக் கூட்டிடும். மறைக்க முடியுமா பாரு."

"டாக்டர்கிட்ட போலாம்டி."

"பொத்தானுக்கெல்லாம் யாரு டாக்டர்கிட்ட போவா. பெருசாச்சுன்னா சொல்லு, போலாம். நான் தொட்டுப் பாக்க மாட்டேன். தொட்டா அதையேதான் தொட்டுட்டிருப்பேன். நீ பாத்துச் சொல்லு."

அப்படித்தான் முதல் சிக்கு விழுந்தது. தலையை அலசிவிடுவதும் நண்டின் வேலையானது. சிண்டு வாளியின்மேல் குனிந்துகொள்வாள், கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. தினமும் சீப்பை எடுத்ததும் கேட்பாள்:

"எவ்ளோ இருக்கு?"

"பொத்தான்."

பொத்தான் பெரிதானபோது சொல்லத்தான் நண்டு வாயைத் திறந்தாள். அன்றைக்குத்தான் சிண்டுவுக்குக் கடைவீதியில் இருந்த கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருந்தது. குளியலறையிலேயே ஆடினாள். "இந்தத் தலையோடவே வரச் சொல்லிட்டாங்கடி. கண்ணாடி வாங்க வர்ற பசங்களுக்குப் புடிக்குமாம்." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு அடுத்த நாள், முந்தின இரண்டு நாளுக்கும் சேர்த்து. ஒவ்வொரு காலையும் 'பொத்தான்' என்ற அந்த ஒரு சொல் கனமாகிக்கொண்டே போனது. பிறகு பிடரிக்கு மேலே இன்னொன்று வந்தது. நண்டு புயலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இழுப்பதால்தான் கொட்டுகிறதோ என்று பயந்தாள். பயந்துகொண்டே இழுத்தாள்.

தலை உயர உயர வீடியோவைப் பார்ப்பவர்களும் கூடினார்கள். ஒருமுறை சாக்பீஸ் சமாச்சாரத்தைப் படம்பிடிக்கும்போது ஸ்ப்ரே டப்பா உருண்டு விழுந்தது. சிண்டு "ஐயோ, என் சொத்து" என்று குனிந்து எடுத்தாள். நண்டு அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றாள். "இருக்கட்டும்டி. சிரிப்பா இருக்கு" என்றாள் சிண்டு. அப்படியே போட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக் கடை பெயருக்கேற்ற கடை. மூக்குக் கண்ணாடிகளும், அவற்றைப் போட்டுப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடிகளுமாக, திரும்பின பக்கமெல்லாம் பளபளத்தது. சிண்டு தன் நாற்காலியை விளம்பரத்தாள் ஒட்டிய சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தாள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் அவள் நிற்கவே மாட்டாள். நண்டுக்குக் கூரியர் கிடங்கில் மதிய ஷிப்ட். போகிற வழியில் கடைக்குள் நுழைந்து, சரக்கு அறையில் அக்காவின் தலையைச் சரிபார்த்து, தளர்ந்த இடத்தில் கொண்டை ஊசி குத்திவிட்டுப் போவாள்.

"வந்துட்டாங்கய்யா தலைமைப் பொறியாளர்" என்பார் முதலாளியம்மா. "பாலம் நிக்குதான்னு பாத்துட்டுப் போம்மா."

அன்றைக்கு நண்டு சரக்கு அறையிலிருந்து வெளியே வந்தபோது, கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நகமெல்லாம் கறுப்பு. தலை அச்சு அசல் சிண்டுவின் தலை.

"அக்கா, நீங்கதானே கலகத் தலை?"

"தலை மட்டும். மீதி இந்தக் கடைக்குச் சொந்தம்."

அந்தப் பெண் சிரித்தாள். "உங்க வீடியோ ஒண்ணு விடலக்கா. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். சர்க்கரைத் தண்ணி மட்டும் வேணாம். பஸ்ல ஒரு தேனீ என்கூடவே வந்து என்கூடவே இறங்குச்சு."

"டிக்கெட் எடுத்துச்சா?"

"அதுக்கும் சேத்து நான்தான் எடுத்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீங்க சொல்லித் தராததையும் கண்டுபுடிச்சுட்டேன். இங்க பாருங்க."

திரும்பி நின்று, புயலைக் கையால் தூக்கிக் காட்டினாள்.

இடது காதுக்குப் பின்னால் ஒரு வட்டம். பிடரிக்கு மேலே இன்னொரு வட்டம். இரண்டும் ரேஸரால் சுத்தமாக மழிக்கப்பட்டு, நடுக்கம்பி இல்லாத ஒரு மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஒட்டிவைத்ததுபோல் இருந்தன. ஒவ்வொன்றும் லென்ஸ் அளவு இருக்கும்.

"ஸ்ப்ரே டப்பா விழுந்துச்சுல்ல, நீங்க குனிஞ்சீங்கல்ல, அப்ப தெரிஞ்சுது. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். என் ஃப்ரெண்டு பாட்டில் மூடிய வச்சு வரைஞ்சு, அப்புறம் கொஞ்சம் பெருசாக்கி மழிச்சா. வெளிய தெரியாம உள்ள ரகசியமா வச்சிருக்கீங்க பாருங்க, அதான் செம. அளவு சரியாருக்காக்கா?"

கடையில் இருந்த எல்லாக் கண்ணாடிகளிலும் அந்த இரண்டு வட்டங்கள் தெரிந்தன. சிண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். வாடிக்கையாளர் வாசிக்கக் கொடுக்கும் எழுத்து அட்டையை அவளே வாசிப்பதுபோல், மேலிருந்து கீழே, பெரியதிலிருந்து சின்னதுக்கு.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கடைசியில். "நான் என் பின்பக்கத்தப் பாத்ததே இல்லையே. இதோ நிக்கிறாளே, இவகிட்ட கேளு. அளவெல்லாம் இவதான் வச்சிருக்கா."

அந்தப் பெண் நண்டின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் ஆவல். "சரியாக்கா?"

அக்கா நண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லாத பார்வை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"கிட்டத்தட்ட" என்றாள் நண்டு.

"அம்மா பாத்துட்டு அழுதாங்கக்கா" என்றாள் அந்தப் பெண், தலையைச் சரிசெய்துகொண்டே. "முடிதானேம்மா, வளந்துரும்னு சொல்லியிருக்கேன். வளந்துரும்ல?"

"உனக்கு வளந்துரும்" என்றாள் சிண்டு.

அன்று கிடங்கில் நண்டு பெட்டிகளைத் தப்பான தள்ளுவண்டிகளில் போட்டுக்கொண்டே இருந்தாள். மேற்பார்வையாளர் இரண்டு முறை வந்து திட்டிவிட்டு, மூன்றாவது முறை உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பெட்டிகள்மேல் ஒட்டியிருந்த முகவரிகள் கண்ணுக்குத் தெரிந்தன, மனதில் ஏறவில்லை. 'உனக்கு' என்ற அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

வீடு திரும்பியபோது அம்மா முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சிண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், புயலைக் கலைக்காமல். நண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். வழக்கம்போல் பின்னால் போய் நின்றாள். வேறெங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"எவ்ளோ இருக்கு?" என்றாள் சிண்டு.

பழகிப்போன சொல் வாய்வரை வந்துவிட்டது. நண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு இருக்குன்னு ஊர் பேர் தெரியாத பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அளவெடுத்து மழிச்சிருக்கா. நீ ஒரு பொத்தான்னு சொன்ன."

"சொல்ல வந்தேன்டி. அன்னைக்குத்தான் உனக்கு வேலை கிடைச்சுது. ஆடிட்டிருந்த."

"அதுக்கப்புறம் நான் தினமுமா ஆடினேன்?"

நண்டுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "உன் தலைதானே. உன் கைதானே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? எல்லாத்தையும் என் கண்ணுல கொண்டாந்து போட்டுட்டு நீ ஜாலியா வீடியோ போட்ட. காலையில எந்திரிக்கவே எனக்குப் பயமா இருக்கும், தெரியுமா? நீ கேக்கப்போறியேன்னு."

"எனக்கு மட்டும் பயமில்லையா?" சிண்டுவின் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. "பொத்தான்னு நீ சொன்னதும்தான் அன்னைய மூச்சு வரும். சொல்ற விதத்துலயே சந்தேகம்தான். ஆனா தோண்டிக் கேட்டா வேற பதில் சொல்லிடுவியேன்னு கேக்கல."

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சிண்டு முழங்காலிலிருந்து இடது கையை எடுத்து, காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். விரல்கள் ஸ்ப்ரேயில் விறைத்த முடிக்குள் வழி தேடின. ஒரு இடத்தில் நின்றன. பிறகு பிடரிப் பக்கம் நகர்ந்தன. அங்கேயும் நின்றன.

"ரெண்டுதானே?" என்றாள்.

அந்தத் 'தானே'யில் அக்கா தொங்கிக்கொண்டிருப்பது நண்டுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கு இதோடு முடியும். அக்கா இரண்டுக்கு அழுதுவிட்டுத் தூங்குவாள். நாளைக்குக் காலையில் முக்காலியில் வந்து உட்காருவாள்.

"மூணு" என்றாள் நண்டு. "உச்சிக்குக் கீழ. அந்த வீடியோவுக்கு அப்புறம் வந்தது."

நண்டு அக்காவின் கையைப் பிடித்து, மூன்றாவது இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். கை அங்கேயே இருந்தது, சூடு இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல்.

"நாளைக்கு லீவு போடு" என்றாள் சிண்டு, கையை எடுக்காமலே. "டாக்டர்கிட்ட போலாம். இந்தத் தலையோட போனா அவரு எங்கன்னு பாப்பாரு. இதெல்லாம் எடுக்கணும்."

"நான் எடுக்கிறேன்."

"உனக்குப் போடத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது."

அது உண்மைதான். போட்ட சிக்கின்மேல் சிக்கு போட்டே வந்ததில், அடியில் இருந்தது கம்பளியாகிவிட்டிருந்தது. இழுத்தால் இருப்பதும் வந்துவிடும்.

முன்னறையிலிருந்து அம்மா கத்தினாள். "உள்ள ரெண்டும் என்னடி பண்றீங்க? நாளைக்கு எந்த நாட்டு மேல படையெடுப்பு?"

சிண்டு கண்ணாடியில் நண்டைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தி, "அம்மா, சிக்கெடுக்கணும்" என்றாள். "நீ வந்து எடுத்து விடுறியா?"

தொலைக்காட்சி சட்டென்று நின்றது. வீடே ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"நிஜமாவா சொல்ற?" அம்மாவின் குரலே மாறிவிட்டது. "இரு, இரு, வறட்டுத் தலைய இழுத்துத் தொலைச்சிடாதீங்க. எண்ணெய் வச்சு ஊற வைக்கணும். அந்தப் பெரிய பல் சீப்ப எங்க வச்சேன்?" இழுப்பறைகள் திறந்தன, மூடின. "எத்தனை நாளா அடிச்சுக்கிட்டேன். இப்பவாவது கேட்டியே. பிறந்தப்ப உனக்கு எவ்ளோ முடி தெரியுமா, நர்ஸெல்லாம் வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க."

நண்டு குனிந்து, "நான் முன்னாடியே போய்ச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம். இன்னைக்கு நீ எதுவும் சொல்லாத." சிண்டு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமான பிடி, வலித்தது. "கதவத் திற."

நண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். எண்ணெய்க் கிண்ணத்தில் சீப்பு உரசும் சத்தத்தோடு, அம்மா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு நடையில் வந்துகொண்டிருந்தாள்.