முடுக்கு மனுவின் தற்போதைய நிலை

சங்கரன்கோவிலில் விசைத்தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் கனகலட்சுமியின் வீட்டுக்குப் போக ஒரே வழி, ஒரு முடுக்கு. சைக்கிளும் ஆளும் எதிரெதிரே வந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த அகலத்தின் மேல்தான் பக்கத்து வீட்டு வெள்ளத்துரைக்குக் கண் விழுந்தது. ஒருநாள் காலையில் முடுக்கு வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

“அண்ணாச்சி, இங்கன சுவர் வச்சா நான் வீட்டுக்கு எப்படிப் போவேன்? இது பொது முடுக்குலா?”

“யாரு சொன்னா? எங்க தாத்தா காலத்து எடம். பொதுன்னு பேப்பர் இருந்தா கொண்டா, செங்கல்ல நானே தூக்கிட்டுப் போறேன்.”

வெள்ளத்துரை பெரிய பக்திமான். பொய் சொல்லும்போதுகூட சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.

பேப்பர் அரசாங்கத்திடம் இருந்தது. அதைக் கேட்கச் சட்டமும் இருந்தது. எங்கள் தெருவின் வரைபடத்தில் இந்த முடுக்கு யாருடையது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆன்லைனில் மனுப் போட்டாள் கனகலட்சுமி. உடனே ஒரு மனு எண் வந்தது. அதைத் தட்டினால் மனு எங்கே இருக்கிறதென்று போனிலேயே பார்க்கலாம். எவ்வளவு பெரிய முன்னேற்றம்! முன்பெல்லாம் மனு எங்கே தூங்குகிறதென்று தெரியாமல் ஜனங்கள் அலைந்தார்கள். இப்போது எந்த மேஜையில் குறட்டை விடுகிறது என்பதுவரை தெரிந்துவிடுகிறது.

தறிச் சத்தத்துக்கு நடுவே தினமும் பார்த்தாள். ‘பரிசீலனையில்.’ வெள்ளத்துரை அஸ்திவாரம் தோண்டினார். ‘உரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது.’ சுவர் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி முடுக்கில் கால்வாசியை விழுங்கியது. ‘மீண்டும் மாற்றப்பட்டது.’ இப்போது பாதி. அந்த மனு சுற்றிய ஊர்களைக் கனகலட்சுமி பஸ்ஸில்கூடப் பார்த்ததில்லை. மீதியை வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் அடைக்கப்போவதாக வெள்ளத்துரை தெருவெல்லாம் சொல்லிவிட்டார். குடத்தை இடுப்பில் ஒருக்களித்துக்கொண்டு நுழையும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை போன் சொன்னது: ‘ஆவணத்தை நேரில் பார்வையிடலாம்.’ தறிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். அலுவலகத்தில் பழைய ஆவணங்களுக்குப் பொறுப்பான பேச்சிராஜா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

“செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாங்கம்மா.”

“ரெக்கார்டு ரூமுக்கா?”

“உள்ள வந்து பாருங்க.”

உள்ளே ஒரு மர அலமாரி பாதிக்குமேல் கறையான் புற்றுக்குள் புதைந்து கிடந்தது. புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். முன்னால் ஒரு கிண்ணம் பால்.

“கோமதியம்மன் நம்ம ஆபீசுக்குன்னே எழுந்தருளியிருக்கா. வெள்ளிக்கெழம பூசை, சுண்டல் எல்லாம் உண்டு” என்று பேச்சிராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எங்க தெரு வரைபடம்?”

“உள்ளதான் இருக்கு.”

“எடுத்துத் தாங்களேன்.”

“புத்தையா இடிக்கச் சொல்லுதீய?” பேச்சிராஜா பதறிப்போனார். “முந்தின ஆபீசர் இடிக்கணும்னாரு. மறுவாரமே டிரான்ஸ்பர். சக்தியப் பாத்துக்கிடுங்க!”

கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியிலும் வயிற்றிலும் பூசி வளர்ந்தவள்தான் கனகலட்சுமியும். ஆனாலும் கறையான் தின்றது தன் வீட்டு வழியை அல்லவா? பேச்சிராஜா, ஆவணத்தைப் பார்வையிட்டதாக அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிரசாதமாக ஒரு பிடி புற்றுமண்ணை மடித்துக் கொடுத்தார். மற்ற அலுவலகங்களில் வெறுங்கையோடு அனுப்புவார்கள். இங்கே கைக்கு ஏதோ கிடைத்தது.

தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தவள், கடையைப் பார்த்ததும் நின்றாள். மஞ்சளும் குங்குமமும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்த கொத்தனார், சுவர் பாதியில் நின்ற இடத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு புற்று முளைத்திருப்பதைப் பார்த்தார். மேலே மஞ்சள், குங்குமம்; உச்சியில் முட்டை. கரண்டியைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நான் புள்ளகுட்டிக்காரன், மொதலாளி” என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். அதற்குள் தெருப் பெண்கள் பால் செம்போடு வரத் தொடங்கியிருந்தார்கள். எல்லாரும் பார்க்க, பக்திமான் புற்றில் கை வைக்க முடியுமா? வெள்ளத்துரை குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, இத வேற எங்கனயாது நகட்டி வச்சிருவமா?”

கனகலட்சுமியின் போன் அடித்தது. ‘உங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. பதில் திருப்தியா?’ ஆம் என்று அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“நகட்டலாமான்னு ஆபீசுக்கு ஒரு மனு போடுங்க, அண்ணாச்சி. நம்பர் குடுப்பாவ. எங்கன கெடக்குன்னு தெனமும் போன்லயே பாத்துக்கிடலாம்.”