முன்சீட்டுக்கு ஓர் உறை

கமலநாதன் கார்ச் சாவியை எடுக்கக் கை நீட்டியபோது கஸ்தூரி அவனை முந்திக்கொண்டு ஆணியிலிருந்து அதை உருவிக்கொண்டாள்.

"நான் போறேன். நீங்க மாமா பக்கத்துல இருங்க."

"குளுவாங் டவுனு வரைக்கும் தனியாவா? நேத்துதான் அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போன."

"ஒரே மகன் நீங்க. வர்றவங்க உங்களத்தான் தேடுவாங்க. போட்டோவப் பெருசு பண்ணி வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சிங்கப்பூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் சைக்கிளில் வந்தவன், முகம்கூடக் கழுவவில்லை. கூடத்தில் பெட்டிக்குள் அவனுடைய அப்பா அய்யாவு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

வாசலில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி, அய்யாவுவின் தங்கை, கஸ்தூரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போட்டோவ வாங்கிட்டு நேரா வந்துரு. அந்தக் கடை இந்தக் கடைன்னு நுழையாத. கோடித்துணியத் தவிர, கருமாதி முடியிற வரைக்கும் புதுசா ஒண்ணும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது."

"சரிங்க அத்தை" என்றாள் கஸ்தூரி. அவள் கிளம்பியதே புதுசாக ஒன்று வாங்கத்தான்.

கார் வீட்டுக்குப் பின்னால், இடது பக்கம் வேலியோடு ஒட்டி நின்றது. அந்தக் கதவை யாரும் திறந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி நிறுத்தியிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன் அய்யாவு பழசாக வாங்கித் தந்த விவா கார் அது; அவர் வாய்க்கு அது 'காடி'. மகன் வாரக் கடைசியில்தான் வருகிறான், ஆத்திர அவசரத்துக்கு மருமகள் ஓட்டட்டும் என்று வாங்கினார். வெளிர் சாம்பல் நிறத் துணிச் சீட்டு. முன்பக்கத்து இடது சீட்டில் தட்டு அகலத்துக்கு ஒரு கறை. விடிவதற்குள் சோப்பு போட்டு மூன்று தரம் தேய்த்து, டெட்டால் ஊற்றி, கண்ணாடியை இறக்கி வைத்துப் பார்த்துவிட்டாள். கறை இன்னும் அகலமானதுதான் மிச்சம். வாடையும் போகவில்லை.

நாளைக் காலை அஸ்தி கரைக்கப் போகும்போது கமலநாதன் அந்தச் சீட்டில்தான் உட்காருவான். உட்கார்ந்தால் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். அதற்குள் கறையை மறைத்தாக வேண்டும்.

ஏனென்றால் அவள் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்திருந்தாள். மாமா வழியில் ஒன்றும் பேசவில்லை, தூங்குகிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டார் என்று. கேட்டவர்கள் எல்லாரும் புண்ணியவான் என்றார்கள். நேற்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

நடந்தது வேறு. நேற்றுக் காலை பத்து மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அவளே அவரைக் காரில் ஏற்றினாள். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான 'பி' இன்னும் கண்ணாடியில் ஒட்டியபடி இருக்கிறது. அவர்கள் ஊரான காஹாங்கிலிருந்து குளுவாங் போகிற சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடியே வந்தது. செம்பனை ஆலையின் புகைபோக்கி தெரிகிற இடத்தில்தான் மாமா வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா. ஒண்ணுக்கு வருது. அடக்க முடியல."

"இந்தா வந்துட்டோம் மாமா."

"ஓரமா ஒரு நிமிசம் நிறுத்து தாயி."

ஓரத்தில் சரளைக்கல். வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவனை விட்டுவிட்டு, சரளையில் இறக்கி நிறுத்த அவளுக்குப் பயம். கற்றுக்கொடுத்த இடத்தில் நான்கு கம்பத்துக்கு நடுவே நிறுத்தித்தான் அவளுக்குப் பழக்கம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காடி பாழாயிருச்சே தாயி" என்றார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது கண் பாதி மூடியிருந்தது.

நிறுத்தாமல் போனதுதான் சரி என்று ஊரே சொல்லும். டாக்டரும் சொல்லுவார். ஆனால் அவரைக் காப்பாற்றத்தான் நிறுத்தாமல் போனேன் என்று கஸ்தூரியால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. லோரிக்குப் பயந்துதான் நிறுத்தவில்லை. ஒரு மனுஷன் கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு நிமிடம். அதைக் கொடுக்காமல், மூத்திரத்தில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறாள்.

இன்று அதே சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். பக்கத்துச் சீட்டில் விரித்திருந்த துண்டைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டதில் பிடரி வலித்தது. ஆலை வந்தபோது மூச்சையும் அடக்கிக்கொண்டாள். குளுவாங்கில் போட்டோ கடைக்காரன் ஒரு மணி நேரம் ஆகும் என்றான். நான்கு கடை தள்ளி மரியநாதனின் சீட் கவர் கடை. மாமா வாயிலிருந்து அடிக்கடி கேட்ட பெயர் என்பதால் அங்கேயே போனாள்.

மரியநாதன் கார் நம்பரைப் பார்த்ததும் சிரித்தார். "அய்யாவு அண்ணன் மருமகளாம்மா நீங்க? அண்ணன் வரலியா?"

"வீட்ல படுத்திருக்காரு" என்றாள்.

பொய் இல்லை. ஆனாலும் சொன்ன பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆக விலை கொறஞ்சதா ஒண்ணு குடுங்கண்ணே. முன்னால ஒரு சீட்டுக்கு மட்டும்."

"ஒரு சீட்டுக்குத் தனியா வராதும்மா, செட்டாத்தான். விலை கொறஞ்சதுன்னா இந்தத் துணி இருக்கு, நூத்தி இருபது வெள்ளி. ஆனா இத அண்ணன் முதல் நாளே வேணாம்னுட்டாரு." அவர் அலமாரியிலிருந்து கறுப்பு உறை ஒன்றை இழுத்துப் போட்டார். "இதான் அவருக்குப் புடிச்சது. இருநூத்தி எண்பது. இருநூத்தி அறுபதுக்குக் கேட்டு மூணு மாசமா என் உயிர வாங்குறாரு. நாலு தரம் வந்துட்டாரு."

கஸ்தூரிக்கு ஆச்சரியமில்லை. ஒரு கிலோ மீன் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன் அவர்.

"முதத் தரம் என்ன பண்ணாரு தெரியுமா? தண்ணி போத்தலத் தொறந்து சீட்டு மேல கவுத்துட்டாரு, என் கடையிலயே. மணியப் பார்த்துக்கிட்டு நின்னாரு. கால் மணி நேரம். அப்புறம் அடியில கைய விட்டுத் தடவிப் பார்த்துட்டு, இது ஆவும்னாரு. ஏண்ணே, மழையில கண்ணாடியத் தொறந்து போட்டுட்டுப் போறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. மருமக ஓட்டுற காடி, நம்மளால பாழாவக் கூடாதுன்னாரு."

கஸ்தூரி அந்தக் கறுப்பு உறையைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நாளாக விடிவதற்கு முன்பே மாமா தன் கைலியைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சுத்தக்காரர் என்று அவள் நினைத்தாள். குளுவாங்குக்குக் கிளம்புகிற நாளில் காப்பி வேண்டாம் என்பார். காசு மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தாள். மூன்று மாதமாக அவள் பக்கத்தில் அவரும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்து வந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. இங்கே அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று விரல் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

"இதையே குடுங்க. நானே மாட்டிக்கிறேன்."

"உங்களால முடியாதும்மா. அடியில கொக்கி போடணும், வார இழுத்துக் கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே நடந்தார்.

"வேணாம்ணே" என்று அவள் எழுந்து ஓடுவதற்குள் அவர் இடது கதவைத் திறந்து துண்டைத் தூக்கிவிட்டார். நிமிர்ந்து அவள் கையில் கசங்கியிருந்த போட்டோ கடை ரசீதைப் பார்த்தார். துண்டைத் திரும்ப விரித்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?" என்றார்.

"மூணு மணிக்கு."

அவர் வேலைக்காரனைத் தேநீர் குடித்து வர அனுப்பிவிட்டுத் தானே மண்டி போட்டார். என்னவோ ஒரு நுரையைத் தெளித்து, துடைத்து, சூட்டுக் காற்று அடிக்கிற மெஷினால் காய வைத்து, தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டு அதன்மேல் உறையை மாட்டினார். மூலை மூலையாக இழுத்துச் சுருக்கம் எடுத்தார். காசை நீட்டியபோது, "அண்ணன் கேட்ட விலையே குடுங்க" என்று இருபது வெள்ளியைத் திருப்பித் தந்தார்.

போட்டோவோடு அவள் வீடு திரும்பியபோது தனலெட்சுமி கையைத்தான் பார்த்தாள், காரைப் பார்க்கவில்லை. புதுசாக வந்தது காரோடு வேலியோரமே நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை என்று கஸ்தூரி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மூன்று மணிக்கு எடுத்தார்கள். கமலநாதன் அப்பாவோடு அமரர் ஊர்தியிலேயே போனான். அன்றைக்குத் தப்பித்தாள்.

மறுநாள் தப்ப முடியவில்லை. குளுவாங் சுடுகாட்டில் அஸ்தியை வாங்கி மெர்சிங் கடலில் கரைக்க வேண்டும். உறவுக்காரர் ஒருவரோடு கமலநாதன் முன்னதாகவே போயிருந்தான்; கஸ்தூரி காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கடல் போய்ச் சேரும் வரை சட்டியைக் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய மண்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கமலநாதன் முன்சீட்டில் ஏறினான். உறை கிரீச்சென்றது. குனிந்து பார்த்தான்.

"இது எப்ப போட்டது?"

"மாமா பார்த்து வச்சது."

அவன் தலையாட்டினான். ஊரைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை தொடங்கியதும் கேட்டான்.

"கடைசியா ஒண்ணுமே சொல்லலியா அவரு?"

இரண்டு நாளில் இது நாலாவது தடவை. முந்திய மூன்று தடவையும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது இல்லை என்று சொல்ல வாய் திறந்தவளுக்கு, தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது. கண்ணாடியில் ஒரு லோரி.

இடது சிக்னலைப் போட்டாள்.

லோரி ஹார்ன் அடித்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். சக்கரம் சரளையில் இறங்கி நறநறவென்றது. கார் ஒருமுறை வழுக்கி நின்றது. பக்கத்தில் லோரி கடந்தபோது சின்னக் கார் ஆடியது. கமலநாதன் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"இங்கதான் நிறுத்தச் சொன்னாரு" என்றாள். அவனைப் பார்க்கவில்லை. "ஒண்ணுக்கு வருதுன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. பின்னால லோரி. பயத்துல நான் நிறுத்தலங்க. இந்தச் சீட்டுலயே ஆயிருச்சு. காடி பாழாயிருச்சே தாயின்னாரு. அதுக்கப்புறம் பேசல."

சிக்னல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றிருந்தது. அவன் கறுப்பு உறையைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, சட்டியோடு இறங்கினான்.

புல்லை மிதித்துக் கால்வாய் ஓரம் வரை நடந்து போய், செம்பனைப் பக்கம் பார்த்து, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றான். சட்டி அவன் கையில் இருந்தது.

கஸ்தூரிக்குப் புரிந்தது. மாமா கேட்ட அந்த ஒரு நிமிடம் அது. அவள் முகத்தை வலது பக்கச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். எதிர்த் திசையில் ஒரு பஸ் போனது, பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள். இடது கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.