ஏரோப்பிளேன் தகடு

கந்தவேலின் மனைவி சென்னியம்மாளுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சட்டத்தைத் தொடைவரை வார்போட்டுக் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மாதம் ஏற ஏற, அந்த இரும்பைத் தூக்கி வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கந்தவேல் நாமக்கல் லாரிப் பட்டறையில் வெல்டர். உலகச் சண்டை முடிந்து, உடைத்த போர் விமானங்களின் அலுமினியத் தகடுகள் ஏலத்தில் வந்து குவிந்த சமயம் அது. பாத்திர அலுமினியம் கையாலேயே வளைந்துவிடும். விமானத் தகடோ தட்டினால் கணீரென்றது. ஆகாயத்தில் அத்தனை பாரத்தைத் தாங்கியது என் சென்னியைத் தாங்காதா என்று மனுஷனுக்கு ஒரே பூரிப்பு. இரும்புக்குப் பதிலாக அந்த லேசான தகட்டிலேயே அவளுக்கு ஒரு கால்சட்டம் செய்ய உட்கார்ந்தான்.

அந்தத் தகடுகளின் ஓரமெல்லாம் ரிவிட் ஆணி அடித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. நெருப்பில் பற்றவைத்த இடம் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கைத்தொழில் நன்றாகப் படிந்துவிட்டால் கண் கொஞ்சம் மங்கிவிடும் போலிருக்கிறது.

"ரிவிட் அடிச்சிரலாமா மாப்ள?" என்று கூட வேலை செய்த அங்கமுத்து கேட்டான்.

"ரிவிட்டுத் தலை அவ தொடையில உறுத்துமப்பா. கேஸ் நெருப்புலயே ஒட்டிர்றேன்."

ஒட்டினான். அதோடு விட்டானா? பற்றவைத்த மேட்டையும் அரத்தால் ராவி, விரலுக்குத் தட்டுப்படாதபடி வழவழப்பாக்கினான்.

"ஏனுங்க, காலுல ஒண்ணுமே கட்டாத மாதிரி இருக்குதுங்க!" சென்னியம்மாள் அடுப்படிக்கும் வாசலுக்கும் காரணமே இல்லாமல் நடந்தாள். அவள் சும்மா நடந்து கந்தவேல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்பினாள். சட்டம் படக்கென்று முறிந்தது. கல்லின் மேல் வயிறு அடிபட விழுந்தாள். மருத்துவச்சி ஓடி வந்தும் பலனில்லை. ஆண் பிள்ளை. அழவேயில்லை.

முறிந்த சட்டத்தைக் கந்தவேல் கையில் எடுத்துப் பார்த்தான். தீ பட்ட இடத்தில் தகட்டின் உரம் போயிருந்தது. மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அவனே ராவி எடுத்திருந்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு, அதே தகட்டில் நெருப்பே காட்டாமல், ரிவிட் அடித்து இன்னொரு சட்டம் செய்துகொண்டு வந்தான். அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் வாரை அவிழ்த்தபோது தொடையில் சிவப்பாகத் தடித்திருந்தது.

"உறுத்துதா புள்ள? குடு, அந்தத் தலைய மட்டும் கொஞ்சம் ராவித் தாரேன்."

சென்னியம்மாள் சட்டத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. உறுத்துனா உறுத்தட்டும். இதாவது நெலைக்கட்டுங்க."

கந்தவேல் அரத்தைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதான்.