ஆளுக்கு ஒரு வரி

ஆவணி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பூ விற்கும் இருசம்மாளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது. "மல்லி இப்பத்தான் வந்துச்சு, தொட்டுப் பாருங்க" என்பது அந்த வாக்கியம். பூ வாங்க வந்தவர்களிடம் அதைச் சொன்னாள். கூடையை ஓரமாக நகர்த்தச் சொன்ன போலீஸ்காரரிடம் அதைச் சொன்னாள். மத்தியானம் மருமகன் ஓடிவந்து பேரன் பிறந்த சேதியைச் சொன்னபோது, அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய அதையே சொன்னாள். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள், முழம் அளப்பதில் எப்போதும் போலக் கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொண்டாள்.

ஊர் இதைக் கண்டுகொள்ள ஐந்து வாரம் ஆனது. இதில் ஊருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ் ஒன்றின் கண்டக்டர் "உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்பதைத் தவிர எதுவும் பேசாமலிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன்பும் அவர் வேறு ஏதும் பேசிக் கேட்டவர் இல்லை. சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடைப் பையன் "வேற கலர் காட்டட்டுமா?" என்ற வரியோடு நின்றுபோனான், அவனுக்கு அந்த மாதம் விற்பனை கூடியது. பாலக்கரையில் ஒரு டாக்டருக்கு "பயப்பட ஒண்ணுமில்ல, மூணு நாள் கழிச்சு வாங்க" என்பது மட்டும் தங்கியது. பயப்பட வேண்டியவர்களும் அவரிடம் வந்தார்கள். அவர்களில் நான்கு பேர் மூன்று நாள் கழித்து வரவில்லை. எழுதிக் காட்டச் சொன்னாலும் எல்லோரும் அவரவர் வரியைத்தான் எழுதினார்கள். கணக்கெடுக்க வந்த சுகாதாரக் குழுவில் ஒரு பெண் "உங்க பேரு, வயசு சொல்லுங்க" என்ற வரியோடு வீடு திரும்பினாள். அவளுடைய நாலு வயதுக் குழந்தை அன்றிலிருந்து தினமும் தன் பெயரையும் வயதையும் அம்மாவுக்குச் சொல்லி வருகிறது.

இதற்குக் காரணமானவர்கள் மூன்று பேர். கெட்டவர்கள் இல்லை, ஆனால் ஒரு வீடியோ கேமை இருபத்தைந்து வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். மேலப்புதூர் அமிர்தராஜ் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவன், நாற்பத்தொரு வயது. பாலக்கரை சம்ரீன் ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். முசிறி அரவிந்தன் காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் கொண்டுவருபவன். மூவரும் பள்ளிக்கூட நாளில் மேலப்புதூரில் அற்புதசாமி நடத்திய கேம் கடையில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து 'ரிவர்கேட்' முதல் பாகத்தை ஆடியவர்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவு, அதில் சுற்றுச் சுற்றாக மதில் வைத்த ஒரு ஊர், படகில் வந்து இறங்கும் ஒரு ஆள். இவர்கள் அதை ஸ்ரீரங்கம் என்றே நம்பினார்கள். அந்த கேமைச் செய்தவன் திருச்சிப் பக்கம் வந்தவனே இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. பிறகு ஆறு பாகங்கள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பளபளப்பாக, ஒவ்வொன்றும் இவர்களுக்குப் பிடிக்காமல். ஏழாவது வந்து பதினோரு வருஷம் ஆயிற்று. எட்டாவது வரப்போகிறது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது கிளப்பிவிடுவார்கள், இவர்கள் இரண்டு தடவையும் நம்புவார்கள்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கன்று மூவரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் எழுதினார்கள். எட்டாவது பாகம் முதல் பாகத்தைப் போலவே இருக்க வேண்டும். வரைபடத்தில் வழிகாட்டும் அம்பு வேண்டாம். பழைய படகுப் பாட்டு வேண்டும். ஊர்மக்கள் வளவளவென்று கதை பேசவேண்டாம், அந்தக் காலத்தில் இருந்ததைப்போல ஆளுக்கு ஒரு வரி போதும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவன் அமிர்தராஜ். மின்னஞ்சலில் அனுப்பியபின், பதினோரு வருஷமாக எத்தனை அனுப்பியும் பதில் வராத எரிச்சலில் அரவிந்தன், இதை ஆத்துக்கிட்ட கொடுத்துப் பார்ப்போம் என்றான். அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் காதோலையும் கருகமணியும் விட்டுக்கொண்டிருந்த இடத்தில், பட்டியலின் அச்சுப்பிரதி ஒன்றை வெற்றிலையில் வைத்து மூவரும் சிரித்துக்கொண்டே காவிரியில் விட்டார்கள். காவிரி அன்று கரை தொட்டு ஓடியது. காகிதம் நனையாமல் நேராக நடு ஆற்றுக்குப் போனதை மூவரும் பார்த்தார்கள், தாளின் தரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் அம்பு போனது. காவிரிப் பாலத்தின் மேல் ஏறியதும் எல்லோருடைய செல்போன் வரைபடத்திலும் அம்புக்குறி மறைந்தது. பிறகு அந்தி நேரத்தில் பாலத்துக்கு அடியிலிருந்து படகுப் பாட்டு கேட்க ஆரம்பித்தது. அதன்பிறகுதான் இருசம்மாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அமிர்தராஜுக்கு இது பிடித்திருந்தது. பாலம் இறங்கி மாம்பழச்சாலையில் பைக்கைத் திருப்பி, ஒரே வரி பேசும் மனிதர்களுக்கு நடுவே போகும்போது அவனுக்குப் பதினாறு வயது திரும்பியது. மனிதர்கள் எல்லோரும் சௌக்கியமாகத்தானே இருக்கிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். போதாதற்கு மார்கழியில் கம்பெனிக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஒரு படகின் படத்தைப் போட்டார்கள், பதினோரு வருஷத்தில் முதல் அசைவு. தையில் ஊரில் எழுநூறு பேர் ஒற்றை வரிக்காரர்கள் ஆகியிருந்தார்கள், அந்த மாதம் படத்தில் படகுக்குப் பக்கத்தில் மதில் ஒன்றும் தெரிந்தது. மூவரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். எழுநூறு பேரைப் பற்றிப் பேசவில்லை.

அமிர்தராஜின் மனைவி டெல்பின் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம், குழந்தை இல்லை, அந்த வீட்டுக்குச் சத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது அவர்கள் இருவரின் பேச்சுதான். அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. மாலையில் அமிர்தராஜ் செருப்பைக் கழற்றியதும் அன்று எந்தக் கடையில் எந்த மெஷின் என்ன பாடு படுத்தியது என்று அவன் முதலில் சொல்லிவிட வேண்டும். அதுவரை டெல்பின் வாயைத் திறக்கமாட்டாள். தன் முறை வந்தபின் அவள் ஆரம்பித்தால், ஹெட்மிஸ்ட்ரஸ், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க்குழாய், பங்குச் சாமியாரின் பிரசங்கம், எட்டாம் வகுப்புப் பெண்கள் பின்னத்தைக் கூட்டும் அழகு என்று சாப்பாடு முடியும்வரை போகும். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே படகு, மதில்னுதான் பேசினாரு. நான் ஏதோ கட்டட இன்ஜினீயர்னு நெனச்சுட்டேன்" என்று பதின்மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதைக் கேட்பதற்காகவே அவன் வீட்டுக்கு வந்தான். இதை அவன் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மறு ஆடி பிறந்த இரண்டாம் நாள் சம்ரீன் மற்ற இருவரையும் கடைக்கு வரச் சொன்னாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை அவள் நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். கண்ணாடி வாங்கிக்கொள்ளத் திரும்பி வருகிறவர்களில் "கடைசி லைன் மட்டும் தெரியலைங்க" என்று மட்டும் பேசுகிறவர்கள் பெருகிவிட்டதைப் பார்த்து, நோட்டைப் புரட்டியிருக்கிறாள். அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், அந்தந்த நாளில் அவளிடம் முதலாவதாக வந்தவர்கள்.

"நான் தெனம் பாலத்தைத் தாண்டித்தான் வரேன். நீங்களும் தாண்டறீங்க. படகுல வந்து எறங்கினதும் மொதல்ல மாட்டற ஆளுக்குத்தான் வரி விழும், மொத பார்ட்ல அதுதானே ரூல்? நம்மாலதான் நடக்குது" என்றாள் சம்ரீன்.

அரவிந்தன் அந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். "நாம பேசினா மாட்டுவாங்களா, இல்ல அவங்க நம்மகிட்ட பேசினாவா? எனக்கு மறந்துபோச்சுடா."

"நாம பேசினாத்தான்" என்றான் அமிர்தராஜ் உடனே. "ஹீரோ போய், ஐயா வணக்கம்பான். அவங்க பதில் சொல்லுவாங்க. அந்தப் பதில்தான் கடைசிவரைக்கும். நாற்பது தடவை முடிச்சவன்டா நான், எனக்குத் தெரியாதா?" அவனுக்குத் தெரியும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. அன்றே ஒரு முடிவு செய்தார்கள். ஆடிப்பெருக்குக்கு இன்னும் பதினாறு நாள். அன்று கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி ஆற்றில் விடுவது, அதுவரை பாலத்தைத் தாண்டுவதில்லை, வீடு திரும்பும் இந்த ஒரு தடவை தவிர, அப்படித் தாண்டியபின் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல்தான் அமிர்தராஜுக்கு மற்றது உறைத்தது. அவனும் தினம் மாலையில் ஸ்ரீரங்கத்தில் வேலை முடித்துப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வருகிறவன். ஒரு வருஷமாக டெல்பினுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவன் வழியில் எங்காவது நிறுத்திப் பேசுகிறவன் என்பதுதான். சிந்தாமணியில் டீக்கடை, மெயின்கார்டு கேட்டில் பழக்கடை, பாலக்கரையில் பேக்கரி. பழகிய கடைகளில் எல்லாம் பேச்சு சுவாரசியம் குறைந்துபோகவே அவன் புதுப்புதுக் கடைகளாகப் பார்த்து நிறுத்த ஆரம்பித்திருந்தான். முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். அவன் மனைவியின் பேச்சு, அவர்களை ஒவ்வொருவராகக் கொடுத்து ஒரு நாளைக்கு ஒரு நாளாக வாங்கிய பேச்சு. இன்றும் எங்காவது நிறுத்தி ஒருவனிடம் மணி கேட்டால் போதும், வீட்டில் நிம்மதியாகப் பேசலாம். மெயின்கார்டு கேட் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்தான். காதில் போனை வைத்து மகளிடம் ஏதோ செல்லம் கொஞ்சிக்கொண்டிருந்தார். அமிர்தராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அது முதன்மையானது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், பேக்கரியில் நிறுத்தாமல், யாருடைய கண்ணையும் பார்க்காமல் மேலப்புதூர் வந்து சேர்ந்தான்.

டெல்பின் கூடத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், வழக்கப்படி அவன் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள். அமிர்தராஜ் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளை இழுத்து எழுத ஆரம்பித்தான். பயப்படாதே, பதினாறு நாள்தான், எல்லாம் விவரமாக எழுதுகிறேன் என்று தொடங்கினான். எழுதும்போது, எதற்கு என்று தெரியாமல், அற்புதசாமி கடையின் டிவி அவன் மனதில் ஓடியது. படகு கரையைத் தொடுகிறது. ஆள் இறங்குகிறான். பூக்காரி முன்னால் போய் நிற்கிறான். ஐயா வணக்கம் என்று அவன் எங்கே சொன்னான்? சொல்லவே இல்லை. முதல் பாகத்தில் அவனுக்குக் குரலே கிடையாது. சும்மா போய் நிற்பான், எதிரில் இருப்பவர்கள்தான் பேசுவார்கள். வணக்கம் சொன்னது நாலாம் பாகத்தில், அவனுக்கு முதல்முதலாகக் குரல் கொடுத்தபோது, ஐயோ இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று மூவரும் ஒரு மாதம் புலம்பிய அந்த நாலாம் பாகத்தில். இருபத்தைந்து வருஷம் நினைத்து நினைத்து ஏங்கியதில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. அவன் பேனாவைப் போட்டுவிட்டு அவள் வாயைப் பொத்த எழுந்தான்.

டெல்பினுக்கு அவன் ஊமையாக எழுந்து கையை நீட்டிக்கொண்டு வந்ததுதான் தெரிந்தது. ஊரில் ஒவ்வொருவராகப் பேச்சு போவதை ஒரு வருஷமாகப் பார்த்தவள். இவனுக்கு அந்த ஒரு வரிகூட இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

"என்னங்க, ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கறீங்க?" என்றாள்.

ஆடிப்பெருக்கன்று அமிர்தராஜும் சம்ரீனும் பாலத்துக்கு இக்கரையில் ஓடத்துறையிலும் அரவிந்தன் முசிறியிலும் கோரிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஆற்றில் விட்டார்கள். ஆறு அதையும் நனையாமல் வாங்கிக்கொண்டது. அதன்பிறகு புதிதாக யாருக்கும் வரி விழவில்லை, விழுந்தவர்களுக்கு எதுவும் திரும்பவும் இல்லை. அரசாங்கம் அவர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தது. பொங்கலுக்கு முன் 'ரிவர்கேட்' எட்டாம் பாகம் வந்தது. ஊர்மக்கள் அதில் ஆளுக்கு ஒரு வரிதான் பேசினார்கள், பழைய ரசிகர்களின் மனதைப் புரிந்துகொண்டார்கள் என்று உலகமே கொண்டாடியது. சம்ரீன் அதைப் பற்றிய பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அரவிந்தன் மூன்று நாளில் முடித்துவிட்டு, சுமார்தான் என்றான். அமிர்தராஜ் வாங்கவில்லை. அவனுக்கு மாலையில் நேரம் இல்லை.

டெல்பின் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். கரும்பலகையில் கணக்குகளுக்குத் தடை இல்லை, எண்களை அந்த விதி தொடவில்லை. போட்டு முடித்ததும் வகுப்பைப் பார்த்துத் தன் வரியைச் சொல்கிறாள். வருஷம் பூராவும் வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்கள் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டில் குழம்பு தயார் என்பதற்கும், மழை வருகிறது துணியை எடுங்கள் என்பதற்கும், இன்றைக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம் என்பதற்கும் அதே வரிதான். அமிர்தராஜ் ஏறக்குறைய எல்லாவற்றையும் இனம்பிரித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டான், பலவற்றுக்கு இருவரும் சிரிக்கவும் செய்கிறார்கள். எப்போதாவது, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, அந்த முதல் மாலையின் பயத்தோடு அவள் அதைக் கேட்டுவிடுகிறாள். அவள் நிஜமாகவே கேட்கிறாளா என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து, "இதோ பேசறேன் டெல்பின்" என்று அன்று காலை எழுந்ததிலிருந்து ஆரம்பிக்கிறான்.