இரண்டாம் தடவை திறந்த பூட்டு

பாங்யோ நகரச் சோதனை அறையில் அன்று இருந்தவர்கள்: பூட்டுக் கம்பெனியின் ஓக் கிதெக், புகைமணிக் கம்பெனியின் பாங் செரிம், முடிவுகளில் கையெழுத்து வாங்க வந்த, கருவிக் கம்பெனிகள் சங்கத்து ஆள் பியோ. மேசைமேல் ஒரு மின்னணுப் பூட்டு, ஒரு புகைமணி.

வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றனவா என்று பார்க்கும் நாள் அது. தீ என்று மணி சொன்னால் பூட்டு தானே திறக்க வேண்டும். முதல் தடவை திறக்கவில்லை. லேசான புகைக்கு மணி 'எச்சரிக்கை' என்று அனுப்பியது. பூட்டு 'ஆபத்து' என்ற செய்திக்குக் காத்திருந்தது. பொது விதிமுறைப்படி இரண்டு கம்பெனி செய்ததும் சரிதான்.

"உங்க பூட்டு செவிடா சார்?" என்றாள் செரிம்.

"உங்க மணிதான் முணுமுணுக்குது. கத்தச் சொல்லுங்க," என்றான் கிதெக்.

இரண்டு கருவியையும் அணைத்து மறுபடி போட்டு, புகையைக் கூட்டினார்கள். திறந்தது. கடைசி முடிவை மட்டும் எழுதுவது அங்கே வழக்கம்.

"சீக்கிரம் எழுதுங்கப்பா, கீழ நூடுல்ஸ் தீர்ந்துடும்," என்றார் பியோ.

கிதெக் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எட்டு மாதம் கழித்து, புச்சோனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மின்சாரப் பாய் மெல்லக் கருகியது. உள்ளே படுக்கையிலிருந்து எழ முடியாத கிழவர் மட்டும். மனைவி மெங் ஒக்சுன் கடைக்குப் போயிருந்தாள். மணி அடித்தது, பூட்டுக்கு 'எச்சரிக்கை' என்று மட்டும் அனுப்பியது. பூட்டு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை இடித்துக்கொண்டே நின்றார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து அறுப்பதற்குப் பதினோரு நிமிடம். கிழவர் இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

புதுக் கதவிலும் அதே கம்பெனிப் பூட்டு. அதன் மென்பொருளை மாற்றக் கிதெக்கை அனுப்பினார்கள். வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிட்டு வா என்று உத்தரவு.

வேலை முடிந்தது. ஒக்சுன் பார்லி டீ கொடுத்தாள்.

"எம்மேலதான் தப்பு தம்பி. பூட்டு ஒரு கம்பெனி, மணி வேற கம்பெனி. தள்ளுபடில கெடைச்சுதுன்னு வாங்கினேன். என் மகன் ஒரு மாசமா எங்கிட்டப் பேசல. நீதாம்மா அப்பாவ அடைச்சு வச்சேன்னு சொல்லிட்டான்."

டீ சூடாக இருந்தது. கிதெக் கோப்பையைக் கைக்குள் திருப்பிக்கொண்டிருந்தான். பேசாமல் எழுந்து போயிருக்கலாம். போனால் இவள் சாகிற வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"உங்க தப்பு இல்லம்மா. ரெண்டும் ஒத்துப் போகும்னு அட்டைப்பெட்டில முத்திரை இருக்குல்ல? அதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். மொதத் தடவை அது தொறக்கல."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"ரெண்டாந்தடவை தொறந்துச்சு. சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சு."

ஒக்சுன் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மீதி டீயைத் தொட்டியில் கொட்டினாள்.

"இத எம் மகங்கிட்டச் சொல்லுவியா?"

"சொல்றேன். நம்பரக் குடுங்க."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தம்பி என்று மறுபடி கூப்பிடவில்லை.

"ஷூவ வெளிய போய் மாட்டிக்க."

அவன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடையில் இறங்கினான். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு தன் சின்ன மெட்டை வாசித்துப் பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு, உள்ளே கையால் இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளும் சத்தம் கேட்டது.